கப்பலில் வந்த தயிர்

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாதித்ததைச் சொன்னால் போதும் என்றும் சொன்னார்கள். சாதித்ததெல்லாம் ஆண்டறிக்கையில் யாரும் படிக்காமல் பத்திரமாக இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே குப்பை கொட்டியவள் என்ற உரிமையில், நான் சொதப்பிய ஒன்றைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நம் பிரிவின் வேலை என்ன என்று உங்களுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தியிருப்பார்கள். நான் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒருவர் சொன்ன சொல்லோ கொடுத்த பொருளோ எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்படி நம் கைக்கு வந்தது என்பதைப் பின்னால் வருகிறவன் சந்தேகப்படாதபடி எழுதிவைப்பது. நான் சேர்ந்த புதிதில் கல்யாணச் சடங்குகளையும் தாலாட்டுகளையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறுகிற காலத்தில் தயிரிலிருந்து எடுத்த புரதங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வேலை என்று நான் சொன்னால் சோதனைக்கூடத்துக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

தயிர் ஆய்வு எங்கள் ஆய்வு மாணவி தேன்மொழியுடையது. காரைக்குடியைச் சுற்றி நாற்பது வீடுகளில் வீட்டுத் தயிர் கொஞ்சம் வாங்கி வரவேண்டும். அதில் வாழும் நுண்ணுயிரிகளைப் பிரித்து, அவற்றின் புரதங்களைக் கண்டறிந்து, உலகத்தார் எல்லோரும் பார்க்கிற புரதத் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். தயிர் வாங்குவதும் அதைப் பற்றிய விவரம் எழுதுவதும் என் பிரிவின் பொறுப்பு. அதற்கு ஒரு படிவம் தயாரித்தேன். முதல் பக்கம் நிறைந்து, இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி அநாதையாக நின்றது: மாதிரி வாங்கிய நேரம். தேதிதான் இருக்கிறதே, நேரம் எதற்கு என்று அதை வெட்டிவிட்டேன். படிவம் அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது. காகிதம் மிச்சம் என்று இயக்குநர் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டேன்.

அந்த மாதம் பல நாள் எங்கள் வேனைக் காலையில் வேறு பிரிவு எடுத்துப்போனது. பாதி நாட்களில் எங்களுக்கு அது மாலை நாலரைக்கு மேல்தான் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் கிளம்பி, போய்ச் சேர்ந்த நேரத்தில் வீடுகளில் ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம் நல்ல உபசாரம். ஒரு வீட்டிலும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் கிண்ணம் நிறையத் தயிர் கொடுத்தார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு களப்பணி முடிந்ததே இல்லை என்று நான் என் மேலதிகாரிக்குக் கடிதமே எழுதினேன். சுலபமாக முடிகிற களப்பணியைக் கண்டால் பயப்படவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் தேன்மொழி என் அறைக்கு ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்றால் நிஜமாகவே ஓடித்தான் வந்தாள்.

"மேடம், பதினேழு வீட்ல ஒரே ஆளு!"

நாற்பதில் பதினேழு வீட்டுத் தயிரில் ஒரே நுண்ணுயிரி. புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரி; எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதுதான் அதன் அடையாளம். இந்தப் பதினேழிலும் மணிக்கு மணி அப்படியே ஒத்துப்போனது. கண்டரமாணிக்கத்தில் ஒரு வீடு, நேமத்தான்பட்டியில் ஒரு வீடு, செக்காலையில் ஒரு வீடு என்று சிதறிக் கிடந்தவை. மற்ற இருபத்துமூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. இதைவிடப் பெரிய அதிசயம், இதே மணிமாலை தரவுத்தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பதிவு செய்தவர்கள் ஐரோப்பாக்காரர்கள்.

இங்கேதான் நம் ஊர் மூளை வேலை செய்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் எந்தப் பொருளைக் காட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் கப்பலில் வந்தது என்பார்கள். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. அப்படியிருக்க உறைமோர் மட்டும் ஏன் வந்திருக்கக் கூடாது? அந்தக் காலத்தில் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்திருப்பார்கள், பெரிய வீடுகளிலிருந்து அக்கம்பக்கத்துக்குப் பரவியிருக்கும் என்றேன். ஆமாம், அந்த யோசனையைச் சொன்னது நான்தான். தேன்மொழி கண்கள் விரியக் கேட்டாள். இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'கப்பலில் வந்த தயிர்' என்று ஒரு சொற்பொழிவுக்குத் தலைப்பே வைத்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை தரவுத்தளத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. அடுத்த திங்கட்கிழமை நிபுணர் குழு வருகிறது. தேன்மொழியின் உதவித்தொகையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பதா, அதோடு நிறுத்துவதா என்று அந்தக் குழுதான் சொல்லும். உதவித்தொகை நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும். அப்பா இல்லாத பெண், தம்பி இன்னும் கல்லூரியில்.

ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை. நான் செக்காலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் கவிதா கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, பால் காச்சிட்டேன், ஒறை ஊத்த மோரு இல்ல. ஒரு கரண்டி குடுங்க."

"விளக்கு வச்சாச்சேம்மா, இப்ப எப்படிக் குடுக்குறது? இரு, பாக்கெட் தயிர் கெடக்கு, அதக் கொண்டு போ."

விளக்கு வைத்த பிறகு வீட்டு மோரையோ உப்பையோ வெளியே கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இருக்கும். கடையில் வாங்கிய பாக்கெட்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று நானே எப்போதோ தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கெட்டை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னக்கா, கதவத் தெறந்து வச்சுக்கிட்டே நிக்கிறீக? கரண்டு செலவாகுமுல்ல?"

எனக்குக் கரண்டு கண்ணில் படவில்லை. நாங்கள் கிண்ணத்தோடு போய் நின்ற வீடுகள்தான் கண்ணில் வரிசையாக வந்தன. எத்தனை வீட்டில் நாங்கள் நுழையும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது? இந்த மண்ணில் பிறந்து, தினமும் விளக்கேற்றுகிறவள், அதைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதியவள், விளக்கு வைத்த நேரத்தில் வீடு வீடாகத் தயிர் கேட்டுப் போயிருக்கிறேன். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது, வீட்டுத் தயிரைக் கொடுக்கவும் முடியாது. அந்தப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? நான் இப்போது செய்ததைத்தான். பாக்கெட் தயிர்க் கம்பெனிகள் உறைக்கான நுண்ணுயிரியை வெளிநாட்டிலிருந்து வாங்குவது சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பலில்தான் வந்திருக்கிறது, போன மாதக் கப்பலில்.

மறுநாள் காலை தேன்மொழியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்துகொண்டு, "எந்தெந்த வீட்டுக்கு எத்தன மணிக்குப் போனோம், மேடம்?" என்று மட்டும் கேட்டாள். படிவத்தில் பார்க்கலாம் என்று வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வியை நான் வெட்டிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல நேர்ந்தது என் பணிக்காலத்திலேயே கசப்பான நிமிடம்.

இயக்குநரிடம் போனோம். "சந்தேகம்தானே மேடம்? நிச்சயம் இல்லையே? ஏத்திருவோம், தப்புன்னா அப்புறம் திருத்திக்குவோம். பொண்ணோட வாழ்க்கையையும் பாருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவளுக்காகத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தரவுத்தளத்தில் ஏறியதை அன்றே நாலு பேர் எடுத்துக்கொண்டு போவார்கள். அதன்மேல் அவர்கள் வேறு எதையாவது கட்டுவார்கள். நாம் பின்னால் திருத்தினால் அவர்கள் திரும்பிவந்தா பார்க்கப்போகிறார்கள்? "என் கையெழுத்து இல்லாம ஏத்த முடியாது சார். வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வேனைப் பிடித்தேன். அந்த முறை காலையிலேயே பிடித்தேன்.

முதல் வீடு கண்டரமாணிக்கத்தில் மீனாள் ஆச்சியுடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்; பெரிய வீட்டில் தன் பங்கில் நாலு அறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தானே சமைத்துப் போடுகிறவர். ஆனாலும் ஊருக்கே அவர் ஆச்சிதான். காபி வந்தது. நான் அவசரப்பட்டேன்.

"ஆச்சி, அன்னைக்கு நீங்க குடுத்தது வீட்டுத் தயிருதானே?"

ஆச்சியின் முகம் மாறிவிட்டது. "பின்ன? எங்க வீட்டுல வந்தவுகளுக்குக் கடைத் தயிரா ஊத்துவோம்? என்ன கேள்வி கேக்குறீக!"

போச்சு. முப்பது வருட அனுபவம் இருந்தும் இப்படிக் கேட்டுவிட்டேன். விருந்து வைக்கிறதையே தொழிலாகவும் பெருமையாகவும் வைத்திருக்கிற ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு உண்மையைச் சொல் என்றால் யார் சொல்வார்கள்? நான் அடுத்து என்ன கேட்பது என்று விழித்துக்கொண்டிருக்க, தேன்மொழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆச்சி, நாங்க அன்னைக்கு வந்தப்ப நீங்க விளக்கு வச்சிட்டீகளா?"

"வச்சிட்டீகளாவா! வச்சுட்டு இங்குட்டுத் திரும்புறேன், ஆறு பேரு டப்பாவோட நிக்கிறீக. எனக்கு ஒண்ணும் ஓடல ஆத்தா. விளக்கு வச்ச வீட்டுல மோர எப்படித் தூக்கிக் குடுக்குறது? இல்லைன்னு சொல்லவும் வாய் வரல. வெள்ளைக்காரவுகளுக்கு வாங்கி வச்ச பாக்கெட்டு ஒண்ணு ஐஸ்பெட்டியில கெடந்துச்சு. நல்ல வெள்ளிக் கிண்ணமா எடுத்து, அதுல ஊத்தி…" என்றவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் சிரித்தோம். "ஏன், அதையா ஆராய்ச்சி பண்ணுனீக?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தார்.

அந்தக் கேள்வியை நான் தேன்மொழியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். தயிரைப் பற்றிக் கேட்டால் அது வீட்டு மானத்தைப் பற்றிக் கேட்டதாகிவிடும். விளக்கைப் பற்றிக் கேட்டால் பதில் தானாக வரும், கூடவே முறையாக நடந்துகொண்ட பெருமையும் வரும். மணி யாருக்கும் நினைவில்லை. விளக்கு வைத்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் அந்தப் பதினேழில் வீடு வீடாகப் போனோம். விளக்கு வச்சாச்சு, விளக்கு வச்சாச்சு என்றே வரிசையாகப் பதில். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூத்து. ஒருவர் பாக்கெட் தயிர் தண்ணியாக இருக்கிறதே என்று துணியில் வடிகட்டிக் கொடுத்திருந்தார். இன்னொருவர், வீட்டுத் தயிர் மாதிரி தெரியட்டும் என்று மேலே பாலாடை எடுத்துப் போட்டிருந்தார். தேன்மொழியின் ஆராய்ச்சி ஒவ்வொரு படியேறும்போதும் கரைந்துகொண்டிருந்தது. இருந்தும் வேனில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். எனக்கு அவள்மேல் அளவுகடந்த மதிப்பு வந்தது அந்த இரண்டு நாளில்தான்.

வியாழக்கிழமை கடைசி வீடு நேமத்தான்பட்டியில் பஞ்சவர்ணத்துடையது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர், நாற்பது வயதிருக்கும்.

"விளக்கா? நீங்க காலையிலல்ல வந்தீக தாயி. நான் வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன். தூக்குவாளியில போட்டது போக மிச்சத்த ஒங்களுக்குத்தான் ஊத்துனேன்."

காலையில் கொடுத்த வீட்டுத் தயிர். ஆனால் உள்ளே இருந்தது கம்பெனிக்காரனின் நுண்ணுயிரி. என் ஊகம் தப்போ என்று எனக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி என் கையை அமுக்கினாள்.

"இந்தத் தயிரு உங்க வீட்ல எப்ப இருந்து இருக்குக்கா?"

"ரெண்டு வருசமா. எங்க ஆத்தா செத்ததுக்குப் போயி பதினாறு நாளு பொறந்த ஊருல இருந்துட்டு வந்தேன். வந்து பாத்தா பானையில இருந்த மோரு புழுத்துப் போச்சு. கடையில ஒரு பாக்கெட்டு வாங்கி ஒறை ஊத்துனேன். அன்னையிலருந்து அதுதான் தெனமும் ஓடிக்கிட்டு இருக்கு."

தேன்மொழி அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் நோட்டைப் புரட்டினாள். அந்த வீட்டு மாதிரிக்கு எதிரே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாள்: புரதத்தில் ஒரு மணி மாறியிருக்கிறது, இயந்திரப் பிழையா? மற்றப் பதினாறும் அச்சு அசலாக இருக்க, இந்த ஒன்றில் மட்டும் ஓர் இடத்தில் வேறுபாடு. கருவி தப்பாகப் படித்திருக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டாள். ஆனால் அந்த வரியை அழிக்கவில்லை. படிவத்தில் ஒரு வரியை வெட்டிய என்னையும், ஓரத்தில் ஒரு வரியை விட்டுவைத்த அவளையும் நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேறு பாடமே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வியை வெட்டியது நான் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "பதினேழுல பதினஞ்சு வீட்லதான் விளக்குக் கதை சொல்றாங்க. பஞ்சவர்ணம் வீடு போகட்டும். இன்னும் ஒரு வீடு இருக்கே?" என்றார்.

"அது உங்க வீடு சார்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவியின் குரல் வந்தது.

"தயிர் வாங்க நம்ம ஆபீஸ்ல இருந்து வந்தப்ப, விளக்கு வச்சிருந்தியா?"

"வச்சிட்டேங்க. அதான் பாக்கெட்ட வெட்டி ஊத்திக் குடுத்தேன். ஏன், புளிச்சுப்போச்சா?"

இயக்குநர் போனை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சொற்பொழிவுத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஏத்த வேண்டாம்" என்றார்.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் தேன்மொழி பயந்துகொண்டுதான் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "அப்ப ரெண்டு வருச உழைப்பும் பூஜ்யமாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல சார். ஒண்ணு மிச்சம் இருக்கு" என்று பஞ்சவர்ணம் வீட்டுத் தயிரைப் பற்றிச் சொன்னாள். கம்பெனி நுண்ணுயிரி ஒன்று ஒரு வீட்டுப் பானையில் இரண்டு வருடம் வாழ்ந்தால் மாறுமா என்று பார்க்கவேண்டும் என்றாள். இரண்டு வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான திங்கட்கிழமை இல்லை.

அந்த ஒரு வருடத்தில் காலை நேரமாகப் பார்த்து அதே பானையிலிருந்து திரும்பத் திரும்ப வாங்கிச் சோதித்தாள். அந்த ஒரு மணி உண்மையாகவே மாறியிருந்தது. கருவியின் மேல் தப்பில்லை. தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு முன் பதிவை, அதைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவது நம் பிரிவின் வழக்கம். நேமத்தான்பட்டிக்குப் போய், மூலம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தேன்: கடைத் தயிர்.

பஞ்சவர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அதெப்படிங்க கடைத் தயிரு? ரெண்டு வருசமா, இப்ப மூணு வருசமாச்சு, நாந்தான தெனமும் ஊத்தி வளக்குறேன்?"

"கடையிலதானே வாங்குனீக?" என்றேன்.

"வாங்குனேன். இல்லைங்கல. நானுந்தான் வேற ஊருல பொறந்து இங்குட்டு வாக்கப்பட்டு வந்தவ. இருவது வருசமா இந்த வீட்டு அடுப்பு என் கையிலதான் எரியுது. என்னையக் கேட்டா நேமத்தான்பட்டிக்காரின்னுதான் சொல்லுவேன். நீங்க வேற ஊருக்காரின்னா எழுதுவீக?"

தேன்மொழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடையில் வாங்கியது என்பதை நான் குறிப்பு என்ற இடத்துக்கு நகர்த்தினேன். மூலம் என்ற இடத்தில் 'வீட்டுத் தயிர், நேமத்தான்பட்டி' என்று எழுதி, பஞ்சவர்ணத்துக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டேன்.